கிராஞ்சிக்குப் போன சாப்பாடு

லீலாவின் கடிதத்தில் கடைசி வரிதான் ரத்தினம்மாவை உறுத்திக்கொண்டே இருந்தது. நாலு பக்கக் கடிதம். மகள் கமலா வகுப்பில் முதலாவதாக வந்தது, பள்ளிக்கூடத்துக்குப் புதிய தலைமையாசிரியை வந்திருப்பது, லாபுவான் தீவுக்கு வேலைக்குப் போன கணவர் வேலாயுதம் இன்னும் திரும்பாதது என்று எல்லாம் வழக்கமான செய்திகள். கையெழுத்துப் போட்டு முடித்த பிறகு, அதற்கும் கீழே சின்ன எழுத்தில், 'வரும்போது உன் டாக்டர் பையையும் எடுத்துக்கொண்டு வா' என்று எழுதியிருந்தாள். எதற்கு என்று எழுதவில்லை.

ரத்தினம்மா தைப்பிங்கில் அரசாங்க ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டு டாக்டர். வயது முப்பத்தாறு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மலாயா சுதந்திரம் பெற்ற மறு வருஷம், பழைய மோரிஸ் மைனர் கார் ஒன்றை வாங்கி, பதினைந்து நாள் லீவு போட்டு, தெற்கே சிங்கப்பூர் வரை தானே ஓட்டிக்கொண்டு போவது என்று முடிவு செய்தாள். காட்டுக்குள் கம்யூனிஸ்டுகளோடு நடக்கும் சண்டை இன்னும் முழுசாக ஓயவில்லை, ஒரு பொம்பளை தனியாகப் போவதா என்று வார்டு நர்சுகள் பயந்தார்கள். முன்போல் சாலையில் மைலுக்கு ஒரு தடுப்பு இல்லை என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டாள். கோலாலம்பூரில் ஓர் இரவு, மலாக்காவில் ஓர் இரவு தங்கினாள். மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜொகூர் பாலத்தைக் கடந்தாள். சுங்கச்சாவடியில் இருந்தவர் பையைத் திறந்து, ஊசியையும் மருந்துப் புட்டிகளையும் பார்த்துவிட்டு, யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்டார். இல்லை என்றாள். சொல்லும்போதே அந்தப் பதில் அவளுக்கே ஒட்டவில்லை.

லீலாவும் அவளும் சென்னையில் ஒரே கல்லூரி, ஒரே விடுதி அறை. லீலா இடதுகைக்காரி. விடுதித் திடலில் ரப்பர் வளையம் எறிந்து விளையாடும்போது எந்தப் பக்கம் எறிந்தாலும் அந்த இடது கை போய்ப் பிடித்துவிடும். இரண்டு வருஷம் அவளை ஜெயிக்க ஆளில்லை. பிறகு ரத்தினம்மா டாக்டர் படிப்புக்குப் போனாள். லீலா பி.ஏ. முடித்து, யுத்தம் ஓய்ந்ததும் வேலாயுதத்தைக் கட்டிக்கொண்டு சிங்கப்பூர் வந்து, ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சரானாள். வேலாயுதம் துறைமுகத்தில் பெரிய கிராணி, தலைமைக் குமாஸ்தா. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒருமுறை ரத்தினம்மா அவர்கள் வீட்டுக்கு வந்திருக்கிறாள். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையும் தெளிவான ஆங்கிலமுமாக வேலாயுதம் அன்று அவளை ரயிலேற்றிவிட வந்திருந்தார். அதன் பிறகு கடிதங்கள்தான்.

ஃபேரர் பார்க் பக்கத்தில், ஒரு கடை வீட்டின் மாடியில் லீலா குடியிருந்தாள். கீழே ஒலி முகம்மது என்பவரின் மளிகைக்கடை. ரத்தினம்மா காரை நிறுத்தியதும் அவர் மனைவி ஹலீமா உள்ளேயிருந்து வந்து, டீச்சரம்மா ஒரு வாரமாக உங்களைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று சொல்லி வரவேற்றாள். கமலா கடைக்குள் ஹலீமாவின் பெண்களோடு விளையாடிக்கொண்டிருந்தாள். எட்டு வயது. லீலாவின் அதே பெரிய கண்கள். ஞாயிறு என்றால் பிள்ளை நம்ம வீட்டில்தான் இருக்கும், டீச்சர் கிராஞ்சிக்கு டியூஷன் சொல்லிக்கொடுக்கப் போய்விடுவார், அங்கே பஸ்ஸும் சரியாகக் கிடையாது, எப்படித்தான் வாரம் தவறாமல் போகிறாரோ என்றாள் ஹலீமா.

இத்தனை கடிதங்களில் லீலா டியூஷனைப் பற்றி ஒரு வார்த்தை எழுதியதில்லை என்று நினைத்தபடி ரத்தினம்மா மாடியேறினாள்.

லீலா இளைத்திருந்தாள். கட்டிப்பிடிக்கப் போனவளைத் தோளைத் தொட்டு நிறுத்தி, பயணமெல்லாம் எப்படி என்று கேட்டுக்கொண்டே அடுப்படிக்குப் போய்விட்டாள். வீடு துடைத்து வைத்தாற்போல் இருந்தது. டெட்டால் வாசனை ஆஸ்பத்திரியில் அடிப்பதுபோல் அடித்தது. பின்பக்க ஜன்னலுக்கு வெளியே, துணி காயப்போடும் மூங்கிலில், சேலையோ சட்டையோ இல்லை. நாலு விரல் அகலத்துக்குக் கிழித்து, வேகவைத்து வெளுத்த பழைய வேட்டித் துண்டுகள் இருபது முப்பது காய்ந்துகொண்டிருந்தன. காயத்துக்குக் கட்டுப்போடுகிற துணி. வார்டில் தினமும் பார்ப்பதால் ரத்தினம்மாவுக்கு உடனே தெரிந்தது. யாருக்கு என்று கேட்க வாயெடுத்தாள். லீலா அதற்குள், சாப்பாட்டை முடித்துக்கொண்டு பேசலாம் என்றாள்.

வேலாயுதத்தைப் பற்றிக் கேட்டதற்கு, லாபுவானில் வேலை அதிகம், லீவே கிடைப்பதில்லை என்றாள். இரண்டு வருஷமாகவா என்று கேட்டதும், சோறு வெந்துவிட்டது என்று அடுப்புப் பக்கம் திரும்பினாள்.

லீலா சோறு வடித்தாள். கரி அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த பானையைத் துணியில்லாமல், வெறும் கையால் இரண்டு பக்கமும் பிடித்தாள். வலது கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டு, முந்தானையைச் சுற்றிப் பிடித்தாள். இடது கை மட்டும் பானையின் விளிம்பிலேயே இருந்தது. அப்படியே தூக்கிச் சாய்த்து, கஞ்சி முழுக்க வடியும் வரைக்கும் பிடித்துக்கொண்டு, ரத்தினம்மாவின் பக்கம் திரும்பி, சுறாப் புட்டு பிடிக்குமல்லவா என்று கேட்டாள். தோல் பொசுங்குகிற மெல்லிய வாடை வந்தது. பானையை இறக்கிவைத்தபோது சுண்டு விரலிலும் உள்ளங்கை ஓரத்திலும் வெள்ளையாகக் கொப்புளம் எழும்பியிருந்தது. லீலா அதைப் பார்க்கவே இல்லை. ரத்தினம்மா காட்டிய பிறகுதான் பார்த்தாள்.

"சமையல் கை காய்ச்சுப் போச்சுடி," என்று சேலையில் துடைத்துக்கொண்டாள்.

அந்தக் கையின் சுண்டு விரலும் மோதிர விரலும் லேசாக உள்ளே மடங்கியிருந்தன. நிமிர்த்தினாலும் நிமிராத மடக்கு.

டாக்டரான முதல் வருஷத்தில் ரத்தினம்மா ஆறு மாதம் ஒரு தொழுநோய் இல்லத்தில் வேலை பார்த்தவள். அந்த மடக்கை அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பை எதற்கு, கட்டுத்துணி எதற்கு, கட்டிப்பிடிக்க வந்தவளை ஏன் தடுத்தாள் என்பதெல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டதாக நினைத்தாள். லீலாவுக்குத் தெரிந்திருக்கிறது, சொல்ல வாய் வரவில்லை, தானாகச் சொல்லட்டும் என்று காத்திருந்தாள்.

லீலா சொல்லவில்லை. சாப்பிட்டு முடித்ததும் ஐந்தடுக்கு டிபன் கேரியரில் சோறு, குழம்பு, புட்டு எல்லாவற்றையும் நிரப்பினாள். காய்ந்த துணிகளை மடித்து ஒரு பிஸ்கட் டின்னில் வைத்தாள். பிறகு, "உன் காரில் என்னைக் கிராஞ்சிக்குக் கூட்டிட்டுப் போறியா? பையை எடுத்துக்க," என்றாள்.

காலையில் வந்த வழியிலேயே திரும்பப் போனார்கள். புக்கித் தீமா சாலை நெடுக வெயில் சுட்டெரித்தது. ஆனால் வடக்கே, ஜொகூர்ப் பக்கம், வானம் ஈயம்போல் கறுத்து நின்றது. லீலா கேரியரை மடியில் வைத்திருந்தாள். சூடான கேரியரின் அடிப்பாகம் அவள் இடது கையில் பதிந்திருப்பதை ரத்தினம்மா ஓரக்கண்ணால் பார்த்தாள். கையை எடு என்று சொல்ல நினைத்தாள். சொன்னால் அதற்கு மேலும் சொல்ல வேண்டியிருக்கும். வாயை மூடிக்கொண்டு ஓட்டினாள்.

போர் வீரர் கல்லறையைத் தாண்டியதும் லீலா இடதுபக்கம் ஒரு செம்மண் பாதையைக் காட்டினாள். இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள். கொஞ்ச தூரத்தில் மரங்கள் ஒழிந்து, கீரைப் பாத்திகளும் பன்றிக் கொட்டிலும் ஒரு குட்டையும் வந்தன. காரை நிறுத்தச் சொன்னாள். இறங்காமல், முன் கண்ணாடியைப் பார்த்தபடியே பேசினாள்.

"அவர் லாபுவான்ல இல்லை. இங்கதான் இருக்கார். ரெண்டு வருஷமா."

ரத்தினம்மா இன்ஜினை அணைத்தாள்.

முகத்தில் தடிப்பு வந்தபோது வேலாயுதம் அதை ஏதோ ஒவ்வாமை என்று நினைத்தாராம். காது மடல் வீங்கி, புருவம் உதிர ஆரம்பித்ததும் ஜாலான் புசார் தெருவில் ஒரு தனியார் டாக்டரிடம் போயிருக்கிறார். அந்த டாக்டர், நாளைக்குக் காலையில் நான் அரசாங்கத்துக்கு எழுதிப்போட்டே ஆக வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். அன்று சாயங்காலமே வேலாயுதம் வீட்டைவிட்டுக் கிளம்பிவிட்டார். தொழுநோய் இல்லத்துக்குள் போனால் வெளியே வர முடியாது, ஊருக்குத் தெரிந்தால் லீலாவின் வேலை போய்விடும், கமலாவைப் பள்ளிக்கூடத்தில் வைத்துக்கொள்ள மாட்டார்கள் என்று இரண்டு பேரும் முடிவு செய்தார்கள். துறைமுகத்தில் பழக்கமான ஒருவர் மூலம் இந்தத் தோட்டத்துச் சீன முதலாளியான தவுக்கேயைப் பிடித்து, கோழிக் கொட்டகையாக இருந்த குடிசையை வாடகைக்கு எடுத்தார்கள். வாரம் ஒருமுறை லீலா வந்து, சமைத்ததைக் கொடுத்துவிட்டு, காயங்களைக் கழுவிக் கட்டிவிட்டுப் போகிறாள். இப்போதெல்லாம் காயம் ஆறுவதில்லை. பத்து நாளாகக் காய்ச்சல். அதற்கு ஏதோ மாத்திரை இருக்கிறதாமே, உன் ஆஸ்பத்திரியில் கிடைக்காதா, யாருக்கும் தெரியாமல் மாசாமாசம் அனுப்ப முடியாதா என்று கேட்டாள்.

கேட்டுக்கொண்டிருந்த ரத்தினம்மாவுக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. லீலா புருஷனைப் பற்றி மட்டும்தான் பேசுகிறாள். தன்னைப் பற்றி அவளுக்கு எதுவுமே தெரியாது. இரண்டு வருஷமாக அந்த நோயை விரல் விரலாகக் கழுவித் துடைத்தவள், தன் விரலைப் பார்க்கவில்லை.

குட்டையைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். தவுக்கே, மெலிந்த கிழவர், பாத்தியில் குனிந்திருந்தவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார். குடிசையிலிருந்து பத்தடி தள்ளி ஒரு மரக்கட்டை இருந்தது. அதன்மேல் ஒரு காலித் தட்டு. மற்ற நாளெல்லாம் தவுக்கேயின் மனைவி அங்கேதான் சோறு வைத்துவிட்டுப் போவாள் என்று லீலா சொன்னாள். குடிசையை நெருங்கும் முன்பே அழுகல் வாடை வந்தது. வார்டில் அந்த வாடை வந்தால் ரத்தினம்மா அறுவை அறையைத் தயார் செய்யச் சொல்வாள்.

உள்ளே இருட்டு. ஒரு பலகைக் கட்டிலில், சட்டையின் எல்லாப் பொத்தானையும் போட்டுக்கொண்டு வேலாயுதம் உட்கார்ந்திருந்தார். அந்தக் குரலை வைத்துத்தான் அவர் என்று கண்டுகொள்ள முடிந்தது.

"வாங்க டாக்டர். மன்னிக்கணும், எழுந்து நிக்க முடியல."

முகம் கனத்துத் தொங்கியது. ஒரு கண் பால்போல் மங்கியிருந்தது. வலது காலில் கட்டைப் பிரித்துப் பார்த்தபோது, பாதத்தில் எலும்பு தெரிந்தது. கணுக்காலுக்கு மேல் தோல் பளபளவென்று வீங்கிச் சிவந்திருந்தது. உடம்பு நெருப்பாகக் கொதித்தது. ரத்தினம்மா பெனிசிலின் ஊசி போட்டாள். இது ஊசியோடு போகிற விஷயமில்லை, இன்னும் நாலைந்து நாள் விட்டால் ஆள் தங்கமாட்டார் என்று அவளுக்குத் தெரிந்தது.

வேலாயுதம் லீலாவைக் கிணற்றிலிருந்து தண்ணீர் கொண்டு வரச் சொல்லி அனுப்பினார். அவள் காலடிச் சத்தம் அடங்கியதும் கேட்டார்.

"டாக்டர், அவ கையைப் பாத்தீங்களா?"

பார்த்தேன் என்றாள் ரத்தினம்மா.

"நாலு மாசமா எனக்குத் தெரியும். கட்டு போடறப்ப அவளுக்கு முடிச்சு விழ மாட்டேங்குது. கேட்டா, பிள்ளைங்க நோட்டுத் திருத்தித் திருத்தி கை வலிங்கிறா. எனக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சது."

"அவகிட்ட சொன்னீங்களா?"

அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். நோயைக் கொடுத்தவனே எப்படிச் சொல்வது என்று கேட்டார். பையோடு வரும்படி ரத்தினம்மாவுக்கு எழுதச் சொன்னது தான்தான் என்றார். அவருக்கு மாத்திரை வாங்கத்தான் என்று நினைத்து லீலா எழுதினாளாம். "என்னை விட்டுடுங்க. அவளுக்கு இப்பதான் ஆரம்பம். பிள்ளை வேற வீட்டுல இருக்கு," என்றார். பேசிக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் வாளியோடு லீலா வருவது தெரிந்தது. உடனே, மழை வரும்போல் இருக்கிறதே, பாதையில் கார் மாட்டிக்கொள்ளாதா என்று விருந்தாளியிடம் கேட்பதுபோல் கேட்டார்.

ரத்தினம்மா லீலாவைக் குடிசை வாசலில், வெளிச்சத்தில், ஒரு பெட்டிமேல் உட்காரச் சொன்னாள். நோயாளியின் பக்கத்தில் இருக்கிறவர்களையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும், அது வழக்கம் என்றாள். லீலா சிரித்துக்கொண்டே இரண்டு கையையும் நீட்டினாள். கண்ணை மூடிக்கொண்டு, தொடும்போதெல்லாம் சொல்லச் சொன்னாள் ரத்தினம்மா.

பையிலிருந்து பஞ்சை எடுத்துத் திரித்து, நுனியால் வலது கையில் ஒவ்வொரு விரலாகத் தொட்டாள். லீலா சரியாக, "இப்ப... இப்ப... இப்ப," என்று சொல்லிக்கொண்டே வந்தாள். இடது கைக்கு வந்தாள். கட்டை விரலில், "இப்ப." ஆள்காட்டி விரலில், "இப்ப." நடு விரலில் கொஞ்சம் தயங்கி, "இப்ப." அதற்குப் பிறகு சத்தமில்லை. ரத்தினம்மா மோதிர விரலைத் தொட்டாள். சுண்டு விரலைத் தொட்டாள். உள்ளங்கை ஓரம், மணிக்கட்டு, முழங்கை வரைக்கும் கோடு இழுத்தாள். லீலா கண்ணை மூடி, முகத்தில் சிரிப்பு மாறாமல் காத்துக்கொண்டிருந்தாள். கூரையில் முதல் மழைத்துளிகள் விழுந்தன. ரத்தினம்மா பஞ்சை வைத்துவிட்டு ஊசியை எடுத்தாள். சுண்டு விரல் நுனியில் குத்தி, அப்படியே விட்டாள். ஒரு சொட்டு ரத்தம் எழும்பி நின்றது.

"தொடுடி," என்றாள் லீலா. "ஏன் நிறுத்திட்டே?"

உள்ளே வேலாயுதம் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

லீலா கண்ணைத் திறந்தாள். விரலில் நிற்கிற ஊசியைப் பார்த்தாள். அது வேறு யாருடைய விரலோ என்பதுபோல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு வலது கையால் பிடுங்கி, ரத்தத்தைத் துடைத்துவிட்டு, ரத்தினம்மாவை விட்டுவிட்டுக் கணவரின் முதுகைப் பார்த்தாள். உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டாள்.

"இந்தக் கையாலதான் தினம் கமலாவுக்குத் தலை வாரி விடறேன்," என்றாள்.

மழை கொட்ட ஆரம்பித்தது. ரத்தினம்மா தனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னாள். லீலாவுக்கு இது ஆரம்பம்தான், இப்போது மாத்திரை இருக்கிறது, வருஷக்கணக்கில் சாப்பிட வேண்டும், ஆனால் குணமாகும். வேலாயுதத்தின் கால் நிலைமை வேறு, இன்றைக்கே அவரை எடுத்துக்கொண்டு போக வேண்டும். கமலாவையும் பரிசோதிக்க வேண்டும். லீலா ஒவ்வொன்றுக்கும் மறுத்தாள். மாத்திரையை மட்டும் கொடு, இரண்டு பேரையும் நானே பார்த்துக்கொள்கிறேன் என்றாள். ஜொகூர் பாலத்தைத் தாண்டிவிட்டால் யாரும் கண்டுபிடிக்க முடியாது என்றாள். கெஞ்சினாள். ரத்தினம்மா மாட்டேன் என்றதும் அவள் குரல் தாழ்ந்தது.

"நாங்க ரெண்டு பேரும் உள்ள போயிட்டா கமலாவை யாரு வெச்சுக்குவா? நீ சொல்லு. யாரு வெச்சுக்குவா?"

"நான்," என்றாள் ரத்தினம்மா.

யோசித்துச் சொன்ன வார்த்தை இல்லை. சொன்ன பிறகுதான் அதன் பாரம் தெரிந்தது. ஆனால் வேலாயுதம் அதைக் கேட்டுவிட்டார். சுவர்ப்பக்கமிருந்து திரும்பி, "அப்ப கிளம்பலாம் டாக்டர்," என்றார்.

அவரைத் தூக்க லீலாவும் ரத்தினம்மாவும் போதவில்லை. தவுக்கே மழையில் நனைந்தபடி ஒரு பலகையோடு வந்தார். என்ன நோய் என்று தெரியுமா என்று ரத்தினம்மா அரைகுறை மலாயில் அவரிடம் கேட்டாள். முதல் நாளிலிருந்தே தெரியும் என்றார் கிழவர். பலகையின் ஒரு முனையை அவரே பிடித்தார். காரின் பின்சீட்டில் விரிக்கத் தார்ப்பாயும் கொடுத்தார். பிறகு குட்டைக்குப் போய்க் கையைத் தோள்வரைக்கும் சாம்பல் போட்டுக் கழுவினார்.

தீவின் வடகிழக்கே, கம்பி வேலிக்குள் இருந்த தொழுநோய் இல்லத்துக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்தரை. வழியெல்லாம் வேலாயுதம் காய்ச்சலில் துறைமுகத்துக் கப்பல்களின் பெயர்களைச் சொல்லிக்கொண்டே வந்தார். வாசலில் அவரைத் தள்ளுவண்டியில் கிடத்தி உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். லீலா காரை விட்டு இறங்கவில்லை. மறுநாள் காலையில் தானே வந்துவிடுவதாகவும், கமலாவிடம் சொல்ல ஒரு ராத்திரி வேண்டும் என்றும் சொன்னாள். ரத்தினம்மா அங்கிருந்த டாக்டரிடம், லீலா வந்துவிடுவாள் என்று தன் பொறுப்பில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் விடிந்து ரத்தினம்மா கண் விழித்தபோது வீட்டில் யாரும் இல்லை. லீலாவின் பாய் சுருட்டி வைத்திருந்தது. கமலாவின் பள்ளிப்பை ஆணியில் இல்லை. கதவு திறந்து கிடந்தது. ஜொகூர் பாலத்தைத் தாண்டிவிட்டால் யாரும் கண்டுபிடிக்க முடியாது என்று நேற்றுக் குடிசையில் லீலா சொன்னது ஞாபகம் வந்தது. செருப்புகூடப் போடாமல் படி இறங்கி ஓடினாள்.

கீழே கடை வாசலில் ஹலீமா முக்காலியில் உட்கார்ந்து கமலாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். நாலடி தள்ளி, தூணில் சாய்ந்து, இரண்டு கையையும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டு லீலா நின்றாள். எல்லாவற்றையும் அவளே ஹலீமாவிடம் சொல்லிவிட்டாள் என்று பார்த்ததும் தெரிந்தது. ஹலீமா அழுதுகொண்டே பின்னினாள். ஒலி முகம்மது கல்லாவில் நின்று ரத்தினம்மாவுக்குத் தலையை ஆட்டிவிட்டு, தெருவில் யாரும் பார்க்கிறார்களா என்று எட்டிப் பார்த்து, கடைப் பலகைகளில் பாதியை மறுபடி மாட்டினார்.

இல்லத்தில் கமலாவை முழுக்கப் பரிசோதித்தார்கள். ஒன்றும் இல்லை என்றார்கள். இப்போதைக்கு ஒன்றும் இல்லை, ஐந்தாறு வருஷம் கவனிக்க வேண்டும் என்று அந்த டாக்டர் தனியாகச் சொன்னதை ரத்தினம்மா தாயிடம் சொல்லவில்லை.

வேலிக்கு உள்ளே போகும்முன் லீலா மகளைத் தொடவில்லை. அத்தை சொல்வதைக் கேட்டு நட என்று மட்டும் சொன்னாள். பிறகு ரத்தினம்மாவின் அருகே வந்து, சிறுமிக்குக் கேட்காத குரலில், "நீ வராமலே இருந்திருக்கலாம்," என்றாள். அதில் கோபம்கூட இல்லை. திரும்பி நடந்து போய்விட்டாள்.

ரத்தினம்மா மிச்ச லீவை விட்டுவிட்டு அன்றே வடக்கே திரும்பினாள். கமலா தைப்பிங் வரைக்கும் பின்சீட்டில் உட்கார்ந்து, ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். வாந்தி எடுத்தபோது மட்டும் காரை நிறுத்தச் சொன்னாள்.

விஷயம் ஒரு வாரத்தில் ஃபேரர் பார்க் முழுக்கப் பரவிவிட்டது. வீட்டுக்காரர் மெத்தை, பாய், நாற்காலி, கமலாவின் பொம்மைகள் எல்லாவற்றையும் பின்சந்தில் போட்டுக் கொளுத்திவிட்டு மாடிக்குச் சுண்ணாம்பு அடித்தார். வேலைக்கு வர வேண்டாம் என்று பள்ளியிலிருந்து லீலாவுக்கு இரண்டு வரிக் கடிதம் வந்தது. ஒலி முகம்மதுவின் கடைக்கு மூன்று மாதம் வியாபாரம் படுத்துவிட்டது. அப்படியும் ஹலீமா மாதத்துக்கு ஒருமுறை பஸ் மாறிப் பஸ் மாறி வேலிக்கு இந்தப் பக்கம் வந்து நின்று லீலாவைப் பார்த்துவிட்டுப் போனாள். அவள் சொல்ல, யாரோ எழுதித் தந்த கடிதங்கள் மூலமாகத்தான் ரத்தினம்மாவுக்குச் செய்தி வந்தது. லீலா அவளுக்கு எழுதவில்லை. மகளுக்கு மட்டும் வாரம் ஒரு கடிதம், கிருமி சாக மருந்து ஆவி பிடித்து அனுப்பிய மடிப்புக் குலைந்த தாளில் வந்துகொண்டிருந்தது. கமலா படித்துவிட்டுத் தலையணைக்கடியில் வைத்துக்கொள்வாள்.

வேலாயுதத்துக்கு முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள். பிழைத்துக்கொண்டார். இல்லத்தில் இருந்த பையன்களுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தார். ஆண்கள் பகுதியும் பெண்கள் பகுதியும் தனித்தனி. ஞாயிறு மாலையில் ஒரு மணி நேரம் அவரும் லீலாவும் ஒரே பெஞ்சில் உட்காரலாம். மூன்றாம் வருஷ மழைக்காலத்தில் சிறுநீரகம் கெட்டுப்போய் இறந்தார். கமலாவிடம் ரத்தினம்மாதான் சொன்னாள். அப்பா லாபுவானிலா செத்தார் என்று அந்தப் பெண் கேட்டது. எல்லாம் தெரிந்தும் கேட்ட கேள்வி அது.

மாதத்தின் முதல் ஞாயிறு காலையில் கமலாவை ஜன்னலோரம் நிற்க வைத்து, முதுகு, கை, கால், காது மடல் எல்லாம் ரத்தினம்மா பார்ப்பாள். கமலா ஒரு நாளும் மறுத்ததில்லை. சட்டையைக் கழற்றிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு மரம்போல் நிற்பாள். அதற்கு முந்தின சனிக்கிழமை இரவுகளில் ரத்தினம்மாவுக்குத் தூக்கம் வராது. இரண்டாம் வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தோள்பட்டைக்குக் கீழே, பத்துக் காசு அகலத்தில் வெளிறிய திட்டு ஒன்றைப் பார்த்தாள். தோலைச் சுரண்டி எடுத்துக் கோலாலம்பூருக்கு அனுப்பினாள். பதில் வர மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் ஆஸ்பத்திரியில் மற்றவர்களின் குழந்தைகளைத் தொட்டுப் பார்க்கவே அவளுக்குப் பயமாக இருந்தது. சாதாரணத் தேமல் என்று பதில் வந்தது. அந்தத் திட்டு மறைந்த பிறகும் கமலா பல மாதம் அந்தத் தோளைக் கையால் மூடிக்கொண்டுதான் தூங்கினாள்.

1962 ஆகஸ்டில் லீலாவை விடுவித்தார்கள். நோய் அடங்கிவிட்டது என்று சான்றிதழ் கொடுத்தார்கள். சிங்கப்பூரில் அவளுக்குத் தங்க இடமில்லை. தைப்பிங்குக்கு ரயிலில் வருவதாக, நான்கு வருஷத்தில் முதல் தடவையாக ரத்தினம்மாவுக்கு ஒரு தபாலட்டை எழுதியிருந்தாள். நாளும் நேரமும் மட்டும் எழுதியிருந்தது.

ரத்தினம்மா கமலாவைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனாள். பெண்ணுக்குப் பன்னிரண்டு வயது, தோள் வரைக்கும் வளர்ந்துவிட்டாள். ரயில் வந்து நின்றதும் கடைசிப் பெட்டியிலிருந்து லீலா இறங்கினாள். ஒரு தகரப் பெட்டியை வலது கையில் வைத்திருந்தாள். இடது கை முந்தானைக்குள் இருந்தது. கூட்டம் விலகி மூன்று பேரும் எதிரெதிரே வந்தபோது, லீலா ஆறடி தூரத்திலேயே நின்றுவிட்டாள். இல்லத்தில் பார்வையாளர்கள் நிற்கிற தூரம் அது. அவள் கால்கள் அதற்கே பழகியிருந்தன. கமலாவும் நின்றாள்.

ரத்தினம்மா அந்தப் பெண்ணின் முதுகில் கைவைத்து மெல்லத் தள்ளினாள். கமலா ஓரடி எடுத்து வைத்தாள்.

"வாங்க," என்றாள்.

வீட்டுக்கு வருகிற விருந்தாளிகளிடம் அப்படிச் சொல்லச் சொல்லி ரத்தினம்மாதான் பழக்கியிருந்தாள். லீலா அந்த வார்த்தையைக் கேட்டுக்கொண்டாள். முகம் மாறவில்லை. வர்றேன்மா என்று சொல்லிவிட்டு, பெட்டியை வாங்க வந்த போர்ட்டரை வேண்டாம் என்று அனுப்பினாள்.

காருக்கு வந்ததும் கமலா பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். தாய் ஏறிய பிறகு கதவைச் சாத்திவிட்டு, தான் முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். ரத்தினம்மா கண்ணாடியில் பார்த்தாள். லீலா எதிரே இருந்த பின்னலையும் கழுத்தையும் சட்டை விளிம்பையும் வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். தாய் மகளைப் பார்க்கிற பார்வை இல்லை அது. தோலில் எதையோ தேடுகிற பார்வை. ரத்தினம்மா கண்ணாடியிலிருந்து கண்ணை எடுத்துவிட்டு வண்டியைக் கிளப்பினாள்.